ஈரத்திரியின் இடி

விருதுநகர் மாவட்டத்தில் அதிகச் சத்தம் போடுவது பட்டாசு என்று நினைப்பவர்கள் எங்கள் ‘இடி’யைக் கேட்டதில்லை. சிவகாசிக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். வாளி, தட்டு, பஸ் இருக்கை என்று அவன் தாளம் போடும் கைக்கு எதுவும் தப்பாது. ஒருமுறை பரோட்டாக் கடையில் மேசையைத் தட்ட ஆரம்பித்தான். கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் தாளம் தவறிப்போய், கரண்டியை அவனிடமே நீட்டினார்.

“தம்பி, ஒண்ணு நீங்க அடிங்க, இல்ல நான் அடிக்கேன்.”

இடி டிரம்ஸ் அடிக்க, இன்னும் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய ராக் குழுதான் ‘ஈரத்திரி’. சினிமாப் பாட்டு கிடையாது, எல்லாம் சொந்தச் சரக்கு. ரசிகர்கள் நாற்பது பேர். நாற்பது பேரும் வெறியர்கள். இடி அடிக்கிற அடியில் பாடகன் என்ன பாடுகிறான் என்று ஒருவருக்கும் விளங்காது. விளங்காமலே கூடச் சேர்ந்து கத்துவோம்.

படிப்பு முடிந்தது, குழு கலைந்தது. பதினெட்டு வருடம் கழித்து, போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், திருத்தங்கல் கல்யாண மண்டபத்தில் மறுபடி மேடையேறினார்கள். தொப்பையும் வழுக்கையுமாக நாங்கள் நாற்பது பேரும் ஆஜர்.

இடி முதல் அடி அடித்தான். கேட்கவில்லை. இரண்டாவதும் கேட்கவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் டிரம்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து கிண்டல் கிளம்பியது. நான் மேடையோரம் ஓடினேன். அவன் முகமெல்லாம் வியர்வை.

“ஏலே, ஓங்கித்தாம்லே அடிக்க நெனைக்கேன். கை வர மாட்டேங்குது. என்னால இவிங்க பாட்டு நின்னு போயிருமோன்னு பயமா இருக்குலே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினெட்டு வருடமாக அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில், வெடிமருந்து கலக்கும் அறையில் போர்மேன் அவன். அங்கே எதையும் தட்டக் கூடாது, உரசக் கூடாது. சல்லடையைக்கூடப் பதமாகத்தான் கீழே வைக்க வேண்டும். வீட்டிலும் அதே பழக்கம். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை என்று அவன் மனைவிக்குக் குறை.

திரும்பி ஓடிவந்து எல்லோருடைய வாயையும் அடைத்தேன். மண்டபத்து மின்விசிறிகளையும் நிறுத்தச் சொன்னேன்.

பாட்டு கேட்டது. நாங்கள் குத்தாட்டம் போட்டே தீர்த்த அந்தப் பாட்டு, பட்டாசு வேலைக்குப் போன அம்மா வேனை விட்டு இறங்குகிறாளா என்று தெருமுனையில் காத்து நிற்கும் பிள்ளையின் பாட்டு. எழுதியவன் இடி. எழுதியதை அவனே அத்தனை வருடம் அடித்து அமுக்கியிருக்கிறான். கடைசி வரி வரை அவன் கை நிற்கவில்லை. நாற்பது பேரும் அழுதோம், வெட்கமில்லாமல்.

இறங்கி வந்தவன் என்னிடம் மெதுவாக, “பாட்டு கேட்டுச்சாலே?” என்றான்.

பத்து விரலும் பத்திரமாக இருந்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, விட மனமில்லாமல் நின்றேன்.