பம்பருக்கு முன்னால் ஒரு நாற்காலி

அன்றைக்கும் மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் காருக்கு முன்னால் போட்டதைப் பார்த்ததும் மாப்பிள்ளை வாசலுக்கு ஓடி வந்தார்.

போர்டிகோ தரை வீட்டுப் பக்கமாகச் சரிந்திருந்தது. காரின் மூக்குக்கும் படுக்கையறைச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம்தான். அங்கே பேப்பரை விரித்தால் மனிதர் இலேசில் எழுந்திருக்க மாட்டார்.

மாப்பிள்ளையின் போனிலோ கார் கம்பெனி அனுப்பிய செய்தி இருந்தது. 'உங்கள் வண்டியின் கியர்பாக்ஸில் குறைபாடு உள்ளது. பார்க்கிங் கியரில் நிறுத்தினாலும் தானாக உருளக்கூடும். உதிரிபாகம் வந்ததும் இலவசமாக மாற்றித் தருகிறோம்.'

கைபிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தார். ஆனாலும் மனசு நம்பவில்லை.

சொல்லிவிடலாம்தான். ஆனால் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் மாமனாரே தேடித் தேடி வாங்கிய கார் அது. கல்யாணத்துக்கு அவர் போட்ட கைக்கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதற்கே, மாமனார் ஒரு மாதம் மகள் மூலமாகத்தான் பேசினார்.

"மாமா, உள்ள ஃபேனுக்குக் கீழ உக்காருங்களேன். இங்க ஒரே கொசு."

"கொசு என்னை என்ன பண்ணும்? நீங்க உள்ள போங்க மாப்பிள்ளை. இங்க நிக்காதீங்க."

மறுநாள் மாப்பிள்ளை யாருக்கும் தெரியாமல் முன் சக்கரங்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். நாற்காலியோடு வந்த மாமனார் அதில் இடித்துக்கொண்டு, கால் கட்டைவிரலில் கட்டுடன் நொண்டினார். செங்கல் குப்பைக்குப் போயிற்று. இனி வண்டி நகர்ந்தால் மனிதரால் எழுந்து ஓடக்கூட முடியாது.

அடுத்து, மாப்பிள்ளை காரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கப்பா வாங்கிக் குடுத்த வண்டி தெருநாய்க்கு நிழல் குடுக்குது. பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க."

"அது... காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு..."

"காருக்கு எதுக்குங்க காத்தோட்டம்?"

மாமனார் வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னார். "விடும்மா. தெருவிலயே நிக்கட்டும். நல்லதுதான்."

அந்த 'நல்லதுதான்' மாப்பிள்ளையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மனிதர் எவ்வளவு நொந்துபோயிருந்தால் இப்படிச் சொல்வார்! அன்று சாயங்காலமே கார் போர்டிகோவுக்குத் திரும்பியது. நாற்காலியும் திரும்பியது.

அப்போதுதான் பானெட்டுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம்.

மாப்பிள்ளை யோசிக்கவில்லை. பாய்ந்து மாமனாரின் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் பூந்தொட்டிகளின் மேல் விழுந்தார்கள். மாமனாரின் கண்ணாடி நொறுங்கியது. கார் இம்மிகூட நகரவில்லை. சூடு ஆறிய இன்ஜின் இன்னொரு தடவை 'டொக்' என்றது, அவ்வளவுதான்.

"எங்கப்பாவைப் புடிச்சுத் தள்ளினீங்களாமே?" மனைவியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "அவர் இங்க இருக்கறது பாரமா இருந்தா சொல்லுங்க. நானும் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவரோட கிளம்பறேன்."

மாப்பிள்ளைக்கு உலகமே உருண்டு தன்மேல் வருவது போலிருந்தது. ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிற கடைக்காரர் அவர். மாமனாருக்கு அன்றே புதுக் கண்ணாடிக்குச் சொல்லிவைத்தார். அது தயாராகும்வரை மாமனார் சும்மா இருந்தாரா? பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன வீம்பு!

இனித் தாங்காது என்று மாப்பிள்ளை சர்வீஸ் சென்டருக்கு மறுபடியும் போன் செய்து கெஞ்சினார்.

"உங்க வண்டிக்கு பார்ட்ஸ் வந்துருச்சு சார்," என்றது பெண் குரல். "ஏற்கெனவே புக் ஆகியிருக்கே. நாளைக்குக் காலையில இழுவை வண்டி வந்து எடுத்துக்கும்."

எத்தனை தடவை கெஞ்சியிருக்கிறோம், அதில் ஏதோ ஒன்று பலித்துவிட்டது என்று மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார்.

காலையில் மாமனார் குளியலறைக்குள் போன நேரம் பார்த்து இழுவை வண்டி வந்தது. மாப்பிள்ளை வெறுங்காலோடு கேட்டுக்கு ஓடி, டிரைவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"ஹாரன் அடிச்சுடாதீங்க! உள்ள ஒரு பெரியவர் இருக்கார். அவருக்குத் தெரிஞ்சா என் குடும்பமே போச்சு."

டிரைவர் அவரைவிட மெதுவாகக் கிசுகிசுத்தார்.

"என்னை வரச் சொன்னதே அந்தப் பெரியவர்தான் சார், கம்பெனி மெசேஜ் அவருக்கும் வந்துச்சாம், இந்த வீட்டு மாப்பிள்ளை சரியான பயந்தாங்கொள்ளியாம், அவர் காதுல விழாம வண்டியை எடுத்துட்டுப் போகணுமாம், சுவருக்கு அந்தப் பக்கம் பேத்தியோட தொட்டில் இருக்குன்னு, பாவம், இத்தனை நாளும் நடுவுல நாற்காலி போட்டு அவரே உக்காந்திருக்கார்!"