முழங்கால் வலிக்கு எலும்பு சூப்

என் இடது முழங்காலில் எந்தக் கோளாறும் கிடையாது. உங்களிடம் சொல்வதற்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறது. ஆனாலும் மூன்று வாரமாக அதைத் தடவித் தடவி, முக்கி முனகி, வீட்டுக்குள் நொண்டிக்கொண்டிருந்தேன். காரணம் ஒரு தையல் மெஷின்.

என் மனைவி தையல்காரி. டேப்பைக் கையால் தொடமாட்டாள். ஆள் வந்து நின்றால் மேலிருந்து கீழே ஒரு பார்வை, அவ்வளவுதான். தைத்துக் கொடுத்தால் ஒரு நூல் கூடாது, குறையாது. வாடகைக் கடையைக் காலி செய்துவிட்டு இனி வீட்டிலேயே தைப்பது என்று முடிவெடுத்தாள். இரும்புக் கால் வைத்த மெஷின் வண்டியில் வந்து இறங்கியது. எங்கள் வீடு நாலாவது மாடியில். லிஃப்ட் படுத்து ஐந்து மாதமாகிறது.

"நீங்க ஒரு பக்கம், என் தம்பி ஒரு பக்கம் பிடிச்சா அரை மணி நேர வேலைதாங்க" என்றாள். அந்த நிமிஷமே என் முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

அன்றிலிருந்து மெஷின் மாடிப்படிக்கு அடியில் நின்றது. அவளும் அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அழுது வடியும் பல்பு வெளிச்சத்தில், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காலை ஒடுக்கி வழிவிட்டபடி தைத்தாள். பார்க்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைத் தூக்கிவிடலாம், இரும்பு மெஷினைத் தூக்க முடியுமா?

தரைத்தளத்தில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். அவர்தான் வினையைக் கிளப்பினார். திங்கட்கிழமை தன் ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டரிடம் சொல்லி முட்டிக்குள்ளேயே ஒரு ஊசி போடச் சொல்வதாகச் சொல்லி, ஊசியின் நீளத்தை விரலால் வேறு காட்டினார். என் மனைவி உடனே தலையாட்டினாள்.

"ஊசியெல்லாம் எதுக்கு? எலும்பு சூப்பு குடிச்சா போதும். எங்க ஆபீஸ் ஸ்டோர்கீப்பரோட மாமியார் அதைக் குடிச்சுத்தான் எழுந்து நடந்தாங்க. ஆனா மூணு மாசம் விடாம குடிக்கணும்" என்று அடித்துவிட்டேன். மூன்று மாதத்துக்குள் மச்சான் வேறு யாராவது இளிச்சவாயனைப் பிடித்து மெஷினை ஏற்றிவிடுவான் என்பது என் கணக்கு.

"சரிங்க. ஆனா நீங்களேதான் வைக்கணும்" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாக மடங்கியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கறிக்கடை. மூட்டெலும்பும் காலெலும்புமாக இரண்டு கிலோ வாங்கி, கைப்பிடியைப் பிடித்து நொண்டிக்கொண்டே மாடி ஏறினேன். முதல் கொதியில் வந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் கழுவி, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஸ்டோர்கீப்பர் பாடம் எடுத்திருந்தார். அதில் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டால்தான் எலும்பின் சத்து இறங்குமாம்.

"வினிகர் இல்லையேங்க" என்றாள் மனைவி. இறங்கினேன், வாங்கினேன், ஏறினேன்.

பாத்திரம் சிறியதாகப் போய்விட்டது. நர்ஸம்மா வீட்டில் அண்டா மாதிரி ஒன்று இருப்பதாக அவள்தான் ஞாபகப்படுத்தினாள். போய்த் தூக்கி வந்தேன். அடுத்து இஞ்சி தீர்ந்திருந்தது. அதற்கும் போனேன்.

இதற்குள் எனக்குச் சூப்புப் பைத்தியம் பிடித்துவிட்டது. கொதிக்கக் கூடாது, ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ் வர வேண்டும். நுரை திரளத் திரளக் கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். அடுப்பை விட்டு நகரவில்லை. வாழ்க்கையில் எந்த வேலையையும் இவ்வளவு அக்கறையாகச் செய்ததில்லை என்பது ஆபீஸுக்குத் தெரிந்தால் வம்பு. மனைவி சமையலறை வாசற்படியில், சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் கட்டியபடி அவ்வப்போது என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். புருஷன்மேல் பாசம் பொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அடுப்பு பொசுக்கென்று அணைந்தது.

"கேஸ் தீர்ந்துடுச்சு போலிருக்கே. நர்ஸம்மாகிட்ட ஒரு சிலிண்டர் இருக்கு. ஆனா உங்க காலுக்கு..." என்று அவள் இழுத்தாள்.

காலாவது கையாவது. எட்டு மணி நேர உழைப்பு ஆறிக்கொண்டிருந்தது. ஒரே ஓட்டமாகக் கீழே போய், நிறை சிலிண்டரைத் தோளில் ஏற்றி, நாலு மாடியும் நிற்காமல் வந்தேன். பழைய சிலிண்டரை நகர்த்தியபோது அதுவும் கனமாகத்தான் இருந்தது. அதை யோசிக்க எனக்கு ஏது நேரம்?

நாலு மணிக்கு வடிகட்டினேன். பொன்னிறம். ஒரு வாய் குடித்தால் உதடு ஒட்டியது. மச்சானும் நர்ஸம்மாவும் சொல்லி வைத்தாற்போல வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு முழங்கால் ஞாபகமே வந்தது. நொண்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்து, வலி அப்படியேதான் இருக்கிறது, மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றேன்.

"இல்லைங்க. இது ரொம்ப ஒசத்தியான சூப்பு. கொதிக்கும்போதே குணமாக்கிடுச்சு" என்றாள் மனைவி.

"என்ன சொல்றே?"

"காலையிலேர்ந்து அஞ்சு தடவை மாடி ஏறியிருக்கீங்க. முதல் தடவை நொண்டினீங்க. மூணாவது தடவை அதையும் மறந்துட்டீங்க. அஞ்சாவது தடவை தோள்ல சிலிண்டர். வாசனைக்கே இவ்வளவு தெம்புன்னா, குடிச்ச பிறகு மெஷினுக்கு ஒரு பக்கம் பிடிக்க மாட்டீங்களா?"

"கேஸ் தீர்ந்து போச்சேன்னுதான்..."

"தீரலைங்க. நான்தான் சிலிண்டரை மூடினேன்."

நர்ஸம்மா கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டு, "வாங்க மாமா" என்றான்.

அரை மணி நேரம்தான் ஆனது. ஜன்னலோரம் மெஷினைப் போட்டோம். அவள் உட்கார்ந்து, மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் காலைத் தாராளமாக நீட்டிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, இத்தனை நாள் நொண்டியதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

உடனே ஒரு துணியை எடுத்து வெட்டித் தைக்க ஆரம்பித்தாள். கழுத்தில் மாட்டி இடுப்பில் கட்டுகிற சமையல் அங்கி. கரண்டி வைக்க இரண்டு பை வேறு. யாருக்கு என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சூப்பு வைக்கணுமே. மூணு மாசம் விடாம குடிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

கட்டிப் பார்த்தேன். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.