போண்டா கொடுத்துக் கம்பெனியை மூடியவன்

நல்ல மேலதிகாரியாக இருப்பது எப்படி என்பதை நான் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். மறப்பதற்குத்தான் வருடங்கள் ஆகின்றன.

மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி பேக்கிங் ஷெட்டில் அப்போது நான் புது சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன், முதன்முதலில் மாதச் சம்பளம் வாங்கப்போகிறவன். (வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "எம்பையன் மேனேஜரு" என்று ஊர் பூராவும் சொல்லி அம்மாதான் நிரந்தரமாக்கிவிட்டிருந்தார்.) முதலாளி என்னை ஓசூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். தொழிலாளிகளிடமிருந்து புதுப்புது யோசனைகளை வரவழைப்பது எப்படி என்று பாடம். அதட்டாதே, கேள். உன் கையால் பரிமாறு. பதில் வரும்வரை அமைதியாகக் காத்திரு. நான் அதிகாரி இல்லை, உங்களில் ஒருவன் என்று சொல்.

மறுநாளே வேலையை நிறுத்தி, எல்லோரையும் உட்காரவைத்து, டீயும் போண்டாவும் கொடுத்தேன். "இங்க எதை மாத்தலாம்? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

பாடத்தில் சொன்னபடி நான் புன்னகையோடு காத்திருந்தேன். மூலையில் ஓர் அம்மா மூக்கைச் சிந்தினார். (நெகிழ்ந்துவிட்டாராம்! அப்படித்தான் நினைத்தேன்.) அந்த உற்சாகத்தில் அடுத்த பாடத்தையும் அவிழ்த்துவிட்டேன்.

"இன்னையிலிருந்து நான் உங்களுக்கு சூப்பர்வைசர் இல்லீங்க."

தக்காளி தரம் பிரிக்கும் செல்வி அக்கா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, உங்களையும் தூக்கிட்டாங்களா சார்?"

"என்னக்கா?"

"மறைக்காதீங்க. முன்ன இருந்த கம்பெனியிலயும் இப்படித்தான் போண்டா குடுத்தாங்க. மறுநாள் போனா பூட்டு தொங்குது."

நான் விளக்குவதற்குள் ஷெட் கொந்தளித்துவிட்டது. "மெஷின ஏத்திட்டுப் போவ விடாதீங்கடி!" என்று யாரோ கத்தினார்கள். டிரைவர் லாரியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார். பெண்கள் தக்காளிப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி மதிலே எழுப்பிவிட்டார்கள். உத்தரவு போட்டவர் யாருமில்லை. ஓசூர் பயிற்சியாளர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

பார்த்தது முதலாளி.

"எவன்டா லாரிய குறுக்க நிறுத்துனது? பெங்களூரு லோடு என்னாவறது? அறிவிருக்குதா உங்களுக்கு?"

ஷெட்டே அடங்கிப்போனது. செல்வி அக்காவின் முகம் மட்டும் மலர்ந்தது. "அப்பாடா, திட்றாருடி! கம்பெனி இருக்குது!"

மதில் சரசரவென்று இறங்கியது. லாரி நகர்ந்தது. லோடு நேரத்துக்குப் போனதால் என் வேலையும் பிழைத்தது, முதலாளி போட்ட ஒரு நிபந்தனையோடு: தினமும் காலையில் நான் ஒருமுறையாவது அதட்ட வேண்டும். (பெரும்பாலும் தராசைத்தான் அதட்டுகிறேன். அக்காக்கள் சிரித்து முடித்து, "சார், ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்று ஆரம்பிக்கிறார்கள். யோசனைகள் வருவது அப்போதுதான்.)

விஷயம் வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். இப்போது நான் ஆசையாக ஒரு டீ போட்டு நீட்டினால், அப்பா அதை வாங்குவதில்லை. உள்ளே இருக்கும் அம்மாவுக்குக் குரல் கொடுக்கிறார்:

"இந்தா, இவன் டீ குடுக்கறான்! வூட்ட மூடப் போறானாட்டம் இருக்குது. போயி வண்டிய வாசல்ல குறுக்க நிறுத்து!"