கெட்டுப்போன காலித் தட்டு

கணினியை நம்பிக் கெட்டவர்கள் உண்டு. நான் கணினியைக் கெடுத்துவிட்டு, பிறகு அதையே நம்பியவன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கல்கத்தா ஆய்வகம் ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை. மிஷ்டி தோய்க்கான (அதுதான், இனிப்புத் தயிர்) உறைக்கிருமிகளில் நல்லது எது, வேறு கிருமி கலந்து கெட்டது எது என்று அகச்சிவப்புக் கதிர் விட்டுப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வளைகோடு வரும். இரு வகைக் கோடுகளையும் காட்டிக் கணினியைப் பழக்கிவிட்டால், புதிதாக வருவதை அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். செய்து காட்டினால் வேலை நிரந்தரம்.

"ரெண்டையும் மாத்தி மாத்தி அளங்க, சேது" என்றார் உடன் வேலை பார்த்த மிதாலிதி (வங்காளத்தில் 'தி' என்றால் அக்கா).

"கெட்டதைத் தொட்ட கையோட நல்லதைத் தொடறதா? எங்காத்துல மடி!" என்றேன். (வாய்க்கொழுப்பு.)

காலையில் ஏசி ஓடும்போது நல்லதெல்லாம் அளந்தேன். சிக்கனம் என்று ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடும் பிற்பகலில் கெட்டதெல்லாம். மழைக்காலம் வேறு, காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும். திரையில் புள்ளிகள் (மாதிரிக்கு ஒன்று) இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. ஒரு பிழை இல்லை! அன்று டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

செய்து காட்டியது ஒரு மழைப் பிற்பகலில். பவானிபூர் மிட்டாய்க்கடை முதலாளி ஒருவர் தன் கடைத் தோயையும் அதன் உறையையும் கொண்டுவந்திருந்தார். உறையைக் கருவியில் வைத்தேன். கணினி சொன்னது: கெட்டது.

"என் தோய் கெட்டதா?" மனிதர் மேஜையில் குத்தினார். "ஊரே வரிசையில நின்னு வாங்குது! நீ தின்னு பாரு. இப்பவே தின்னு!" மண்சட்டி என் மூக்கில் இடித்தது. தின்றேன்.

மிதாலிதி எதுவுமே வைக்காத காலித் தட்டைக் கருவிக்குள் தள்ளினார்.

கெட்டது.

காற்றின் ஈரமும் அந்தக் கதிரில் கோடு போடுமாம். கணினி கற்றுக்கொண்டது கிருமியை அல்ல, ஏசியை!

"மழை பெய்யுதுன்னு சொல்ல மிஷின் எதுக்கு?" ஆய்வக இயக்குநர் கத்தினார். "ஜன்னல் போதாதா?"

வேலை போயிற்று. மழைமேல் கோபம். ஏசியை அணைத்த புண்ணியவான்மேல் கோபம். சரியாகச் சொல்லித் தொலைத்த மிதாலிதிமேல் கோபம். என்மேல்தான் எல்லாவற்றையும்விட. அந்தத் தோய்? அமிர்தம். அதனால் இன்னும் கோபம்.

இப்போதும் முதல் தூறல் விழுந்தால் சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்: "ஏன்னா, மழை வந்துடுத்து. தயிரைக் கொட்டிடவா?"

மகள் தன் காலித் தட்டை நீட்டுவாள். "பாபா, இதுவும் கெட்டுப்போச்சா?"

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். (ஓங்கித்தான்.)