படித்துக் கையெழுத்திடவும்

ஜாலான் காப்பார், கிள்ளான்.
16.11.1986, ஞாயிறு மதியம்.

பாசத்திலும் அதட்டலிலும் குறை வைக்காத என் அக்கா தங்கமணிக்கு, தம்பி தம்புசாமி வணங்கி எழுதிக்கொள்வது. முருகன் தயவில் இங்கே நானும் புஷ்பவல்லியும் பையன் ஜெயராஜும் சுகம், என் முட்டி வலி நீங்கலாக. ரவாங்கில் நீயும் மாமாவும் சுகமென்றே நினைக்கிறேன். சுகமில்லாவிட்டால் இதற்குள் என்னைத் திட்டி நாலு கடிதம் வந்திருக்கும். தீபாவளிக்கு நீ கொடுத்தனுப்பிய முறுக்கு முக்கால்வாசி பஸ்ஸிலேயே தூளாகிவிட்டது. தூளையும் விடவில்லை, கரண்டி போட்டுச் சாப்பிட்டோம்.

அக்கா, இந்த உறைக்குள் கோடு போட்ட தாள் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். முழுக்கச் சீன எழுத்து. மடிப்புக் கலையாமல் எடுத்து, உன் வரிசையில் கடைசி வீட்டில் இருக்கிறாளே மார்க்கிரட், சீனப் பள்ளியில் படித்த பெண், அவளிடம் கொண்டுபோய்க் கொடு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளைத் தமிழில் சொல்லச் சொல்லி, நீ அப்படியே எழுதி, அந்தத் தாளோடு சேர்த்து எனக்கு அனுப்பு. நீயாக ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். விஷயம் அவசரம், ஏனென்றால் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நான் அதில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜெயராஜுக்கு இந்த வருஷத்தோடு ஆறாம் வகுப்பு முடிகிறது. அவனை ஏன் சீனப் பள்ளியில் சேர்த்தாய் என்று நீ அப்போதே கேட்டாய், இப்போதும் கேட்பாய். நாங்கள் சேர்க்கவேயில்லை அக்கா. நான் துறைமுகத்துக்கும் புஷ்பவல்லி துணிக்கடைக்கும் போன பிறகு அவனைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு லிம் ஆன்டிதான். அவர் தம் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனபோது இவனும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனான், போனவன் ஆறு வருஷம் கழித்துத்தான் வந்திருக்கிறான். இனி மேல்படிப்பும் சீனத்திலேயே என்று நாங்களாகவே முடிவு செய்துவிட்டோம். கிள்ளானில் சீனர்கள் சொந்தமாக நடத்தும் இடைநிலைப் பள்ளிகளில் எங்களுக்குத் தோதானவை இரண்டு. ஒன்று ஆற்றுக்கு இந்தப் பக்கம், இன்னொன்று பாலம் தாண்டி அந்தப் பக்கம். எதில் சேர்ப்பது என்று மூன்று வாரமாக வீடு இரண்டு பட்டுக் கிடக்கிறது.

எனக்கு இந்தப் பக்கத்துப் பள்ளி. காரணம் கேட்டால், அங்கே வாசலில் காவல் நிற்கிற ஜாகா, ஒரு பஞ்சாபி சிங்கு, நான் போனபோது எழுந்து நின்று சலாம் வைத்தார். இருபது வருஷமாகத் துறைமுகத்துக்குள் போய் வருகிறேன், எந்த ஜாகாவும் எனக்கு எழுந்து நின்றதில்லை. வாசலிலேயே இவ்வளவு மரியாதை என்றால் உள்ளே எப்படிப் பாடம் நடக்கும் என்று பார்த்துக்கொள். புஷ்பவல்லிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி. அவள் அங்கே போய்க் கக்கூஸைப் பார்த்தாள். ஆமாம், தலைமையாசிரியரைப் பார்க்கவில்லை, கக்கூஸைப் பார்த்தாள். “தண்ணி வருது, கதவு தாப்பா போடுது, சோப்பு கூட இருக்குங்க. இதுக்கு மேல என்ன வேணும் ஒரு ஸ்கூலுக்கு?” என்றாள். நான் சிங்கைச் சொல்ல, அவள் சோப்பைச் சொல்ல, வார்த்தை தடித்து, இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. பிறகு எல்லாம் பையன் மூலமாகத்தான். “அப்பாகிட்ட சொல்லு, சோறு வெச்சாச்சு.” “அம்மாகிட்ட சொல்லு, ரசம் ஆறிப்போச்சு.” இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் அவன் மொழிபெயர்த்துக் கொடுத்தான். ஒருநாள் “அப்பா, அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா மூஞ்சி இப்படி இருக்கு” என்று செய்துகூடக் காட்டினான்.

கடைசியில் இரண்டு பள்ளியிலும் நுழைவுத் தேர்வு எழுதட்டும், எவன் வருந்தி அழைக்கிறானோ அங்கே போகட்டும் என்று ஒப்பந்தம் ஆனது. எழுதினான். அந்தப் பக்கத்திலிருந்து இதுவரை ஒரு தகவலும் இல்லை. அது பெரிய பள்ளியின் கம்பீரமாம், புஷ்பவல்லி சொல்கிறாள். இந்தப் பக்கத்திலிருந்து போன திங்கட்கிழமை ஓர் உறை வந்தது. உள்ளே பையன் தேர்வில் எழுதிய கட்டுரை, அதன்மேல் குத்திய சிறு சீட்டில் மலாயில் ஒரே வரி: தகப்பனார் படித்துக் கையெழுத்திட்டு 21ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பவும்.

இங்கேதான் அக்கா, எனக்குச் சங்கடம். என் வேலை உனக்குத் தெரியும். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை எண்ணிச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற கிராணி நான். எண்ணாத மூட்டைக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை; ஒருமுறை கப்டனே வந்து “போடுய்யா, மழை வருது” என்று கத்தியும் நனைந்துகொண்டே எண்ணி முடித்துத்தான் போட்டேன். படிக்காததைப் படித்தேன் என்று எப்படி எழுதுவது? பையனைக் கூப்பிட்டு, “வாசிச்சுக் காட்டுடா” என்றேன். “சும்மா சைன் போடுங்கப்பா, ஒண்ணும் இல்ல லா” என்று எழுந்து போய்விட்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

சரி, ஊரில் படிக்கத் தெரிந்தவர் இல்லாமலா போனார்கள் என்று தாளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதலில் லிம் ஆன்டி. அவர் கண்ணாடி போட்டு, தாளைத் தூரமாகப் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்து, “நீ படி, நான் கேக்கிறேன்” என்றார். அவர் பள்ளிக்கூடமே போனதில்லையாம், பதினைந்து வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அடுத்து முனைக் காப்பிக்கடை முதலாளி டவுக்கே. கல்லாவை விட்டு எழுந்து வந்து படித்தார், மறுபடி படித்தார், பெண்சாதியைக் கூப்பிட்டுக் காட்டினார், இருவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “என்ன டவுக்கே, என்ன எழுதியிருக்கான்?” என்று மலாயில் கேட்டேன். “நல்ல பையன், நல்ல பையன். வீட்டுக்குப் போய் அவனையே கேள்” என்றார். நான் கேட்காமலே இரண்டு அரைவேக்காட்டு முட்டை வந்தது, காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த மனிதர் சொந்த மச்சானுக்கே கடன் கொடுக்காதவர்.

அங்கிருந்து சீன மருந்துக்கடை. வைத்தியர் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார், என் நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சைத் தொட்டு “இங்கே பாரமா?” என்று கேட்டார். நான் மரியாதைக்கு ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன். ஏதோ வேரும் பட்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்து மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாகக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். பையன் என் முட்டி வலியைப் பற்றி எழுதியிருக்கிறான்போல என்று நினைத்துக் குடித்தேன். புஷ்பவல்லி கக்கூஸையும் சோப்பையும் பெரிதாகப் பேசியதன் அருமை அன்று முழுக்க எனக்குத் தெரிந்தது. கடைசியாகத் துறைமுகத்தில் ஒரு லோரிக்காரனிடம் காட்டினேன். வாயில் சிகரெட்டோடு சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. முழுக்கப் படித்துவிட்டு எங்கள் ஆபீஸ் டெலிபோனைக் கேட்டு வாங்கி வீட்டுக்குப் பேசினான். சாப்பிட்டாயா என்று அவன் ஹொக்கியன் சீனத்தில் யாரையோ கேட்டது மட்டும் எனக்குப் புரிந்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? பையன் பிரமாதமாக எழுதியிருக்கிறான். அதனால்தான் பள்ளிக்கூடமே பெருமைப்பட்டுத் தகப்பனுக்கு அனுப்பியிருக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்துப் பள்ளி என்றே முடிவு செய்துவிட்டேன். புஷ்பவல்லிக்கு இன்னும் சொல்லவில்லை. மார்க்கிரட் படித்துச் சொன்னதும் உன் கையால் வருகிற கடிதத்தை அவளிடம் நீட்டலாம் என்றிருக்கிறேன்.

ஆனால் உன்னிடம் மறைப்பானேன், கையெழுத்து ஒரு சாக்குதான். அவன் என்ன எழுதினான் என்று தெரிய வேண்டும்போல் இருக்கிறது அக்கா, அடக்க முடியவில்லை. முதல் வகுப்பில் என் மடியில் உட்கார்ந்து, “இது மலை, இது தண்ணி, இது மாடு, கொம்பு பாருங்க” என்று ஒவ்வோர் எழுத்தாகக் காட்டுவான். மாடு எனக்கும் தெரிந்தது. மூன்றாம் வகுப்புக்கு மேல் எழுத்துகளுக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது, எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் பத்துத் தடவை எழுதச் சொல்வார்கள், நான் சரியாகப் பத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பேன். “இங்க ஒன்பதுதான் இருக்கு” என்று கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இப்போது அதுவும் இல்லை. “இன்னைக்கு என்னடா படிச்ச?” என்றால், “நெறைய லா” என்கிறான். அவ்வளவுதான். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவான். பலகைச் சுவர்தானே, லிம் ஆன்டியோடு அவன் பேசுவதும் விழுந்து விழுந்து சிரிப்பதும் இந்தப் பக்கம் கேட்கும். நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, எதற்குச் சிரிக்கிறான், எதற்குச் சிரிக்கிறான் என்று உட்கார்ந்திருப்பேன். என்னோடு அவன் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா? பெற்ற பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் அக்கா. இந்தப் பள்ளியானாலும் அந்தப் பள்ளியானாலும் இன்னும் ஆறு வருஷம் தூரமாகத்தான் போகப் போகிறான். அதற்குள் இந்த ஒரு தாளையாவது படித்துவிட வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். அவருடைய சர்க்கரைக்குப் பாவக்காய் நல்லது, நீ கொடுத்தால் தின்பார். குலதெய்வம் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைக்கட்டும், எங்களுக்கும் நீ அங்கிருந்தே கையுயர்த்தி ஆசி சொல்லிவிடு. பதிலை மறுதபாலில் போடு.

என்றும் உன் சொல்லுக்கு அடங்கிய
தம்பி தம்புசாமி

பி.கு.: அக்கா, உறைக்குள் அந்தத் தாளைத் தேடாதே, வைக்கவில்லை. மார்க்கிரட்டையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மேலே கையெழுத்துப் போட்டு முடித்து, உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கையை எடுக்கும்போது ஜெயராஜ் வந்து நின்றான். “யாருக்குப்பா இவ்ளோ பெரிய லெட்டர்?” என்றான். அத்தைக்கு என்றேன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, அந்தத் தைரியத்தில் தாள்களை மூடக்கூட இல்லை. “என்னைப் பத்தியா?” என்றான். “சும்மா, சுகமான்னு கேட்டு எழுதினேன்” என்றேன். “சுகமான்னு கேக்க நாலு பக்கமா?” என்று கேட்டான். பிறகு, “நீங்க இத வாசிச்சுக் காட்டுங்க, நான் அத வாசிச்சுக் காட்டுறேன்” என்றான்.

வேறு வழியில்லாமல் வாசித்தேன். சிங்குக்குச் சிரித்தான், மருந்துக்கு ரொம்பச் சிரித்தான். சுவர் விஷயம் வந்ததும் நைசாகத் தள்ளிவிட்டு மாமாவின் பாவக்காய்க்குப் போனேன். “அப்பா, ஒரு பக்கம் திருப்பிட்டீங்க” என்றான். பிடித்துவிட்டான். அதையும் வாசித்தேன், தலையை நிமிர்த்தாமலே வாசித்தேன். வாசித்து முடித்ததும், “ஆன்டியும் நானும் எதுக்குச் சிரிப்போம் தெரியுமா? நீங்க ஹொக்கியன் பேசுற மாதிரி அவங்க பேசிக் காட்டுவாங்கப்பா. அதுக்குத்தான். தினம் அதேதான்” என்றான். இத்தனை நாளும் என்னை வைத்துத்தான் சிரித்திருக்கிறார்கள் அக்கா. அந்தக் கிழவிக்கு இருக்கிறது.

பிறகு அவன் தாளை எடுத்தான். இந்தப் பள்ளியில் சேர விரும்புவது ஏன் என்பது தலைப்பாம். ஒவ்வொரு வரியாகச் சீனத்தில் படித்து, நின்று யோசித்துத் தமிழில் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: “இது நல்ல ஸ்கூல். ஆனா எனக்கு இதுல சேர ஆசை இல்ல. எங்கப்பா தமிழ் பேப்பர் படிப்பார், மலாய் பேப்பரும் படிப்பார். என் புத்தகத்த மட்டும் அவரால படிக்க முடியாது. என்ன படிச்சன்னு கேப்பார். நான் சொன்னா அவருக்குப் புரியாது, புரியாதப்ப அவர் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும், அதனால நான் சொல்றதில்ல. மலாய் ஸ்கூலுக்குப் போனா ரெண்டு பேரும் சேந்து படிக்கலாம். வீட்டுல ரெண்டு ஸ்கூலுக்காகச் சண்டை போடுறாங்க. என்னைய யாரும் கேக்கல. நீங்க கேட்டதுனால சொல்றேன். மன்னிக்கணும்.” அந்தப் பக்கத்துப் பள்ளியிலும் இதையேதான் எழுதினானாம். புஷ்பவல்லியின் கம்பீரமான பள்ளி ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அடியில் ‘படித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்கு மலாயில் பாடம் நடக்கும் அரசாங்கப் பள்ளியில் பெயர் கொடுக்கப் போகிறேன். புஷ்பவல்லி மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் நேராகவே பேசினாள், பேச்சு என்றால் சாதாரணப் பேச்சில்லை. சீனப் பள்ளியிலிருந்து போகிற பிள்ளைகளை மலாய் பழகுவதற்கென்று முதல் வருஷம் ரிமூவ் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்களாம், அதற்கப்புறம்தான் ஒன்றாம் பாரமாம், அதாவது ஏழாம் வகுப்பு. “ஒரு வருஷம் சும்மா வீணாப் போகுதே, அப்பனுக்கும் புள்ளைக்கும் கொஞ்சமாவது கவல இருக்கா?” என்று அடுப்படியில் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ரிமூவ் இல்லாவிட்டால் பதினேழு வயதில் படிப்பை முடித்து எங்கேயாவது போயிருப்பான், இனிப் பதினெட்டில்தான் முடிப்பான். இன்னும் ஒரு வருஷம் கூடுதலாக இந்த வீட்டில் இருப்பான் அக்கா.