சீட்டுக்கு அடியில் மூளை

"மூளை போயிடுச்சுண்ணா" என்று சொல்லிக்கொண்டே பிக்கப்பின் சீட்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே இழுத்தான் மெக்கானிக் கங்காதரன்.

யாரைச் சொல்கிறான் என்று சம்பத் சுற்றிலும் பார்த்தார். ஷெட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து கங்காதரன் விளக்கினான். இது அவருடைய பழைய சிநேகிதன் சவுரிமுத்து சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து சம்பத்தின் தலையில் கட்டிவிட்டுப் போன ஜப்பான் வண்டி. இதில் கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதையெல்லாம் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஓர் அலுமினியப் பெட்டிதான் முடிவு செய்கிறது. எலக்ட்ரானிக் கன்ட்ரோல் மாட்யூல் என்பது அதன் முழுப்பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் ஷெட்டில் 'மூளை' என்று வைத்துவிட்டார்கள். அது கருகிப் போனதால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, அரை நிமிஷம் ஓடுகிறது, விக்கல் எடுத்து நின்றுவிடுகிறது.

அன்று திங்கள்கிழமை. வெள்ளிக்கிழமை சம்பத்தின் மகள் திரிபுரசுந்தரிக்கு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, காபி குடித்து, காணாமல் போயிருந்தது. பொத்தேரியிலிருந்து வந்த இந்த மூன்றாவது இடமும் நழுவினால் இரும்புலியூரில் தலைகாட்ட முடியாது என்று சம்பத்தின் மனைவி பச்சையம்மா சொல்லியிருந்தாள். இந்த லட்சணத்தில் சம்பத், மாப்பிள்ளை வீட்டாரை என் சொந்த வண்டியிலேயே அழைத்து வருவேன் என்று வாய்விட்டிருந்தார்.

தகவல் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று பட்டது. மாப்பிள்ளையின் அப்பா தசரதன் வீட்டில் போன் இல்லை. பக்கத்து மெடிக்கல் ஷாப் தோத்தாத்ரிதான் தகவல் வாங்கிச் சொல்வார். சம்பத் பூத்தில் போய் நம்பரைச் சுழற்றினார்.

தமிழில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே பேசி முடித்துவிடலாம். சம்பத் அப்படிப் பேசிப் பழகியவர்.

"சார், தசரதன் சம்பந்திகிட்ட சொல்லிடுங்க. மூளை போயிடுச்சு. புதுசு மாத்தணும்ன்றாங்க."

தோத்தாத்ரி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "தொறந்து பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க சார். உள்ள கருகிப் போயிருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும். ஆகலைன்னா அவங்களை வேன் புடிச்சு வந்துடச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை கங்காதரன், பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் அதே மாதிரி ஒரு பழைய பெட்டியைத் தேடிப் பிடித்து வந்தான். பேட்டரியைக் கழற்றி, பெட்டியை மாட்டி, பிளக்கை அழுத்தினான். கச்சிதமாகப் பொருந்தியது. சாவியைத் திருப்பினால் வண்டி இப்போது விக்கல்கூட எடுக்கவில்லை. லேபிளைப் படித்துப் பார்த்தார்கள். நம்பர் எல்லாம் ஒன்று, கடைசி எழுத்து மட்டும் வேறு. அது தானாகக் கியர் மாறுகிற வண்டிக்கான பெட்டி. இந்த வண்டியில் இல்லாத கியரிடமிருந்து உத்தரவு வரும் என்று அது பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

சம்பத் மறுபடியும் பூத்துக்குப் போனார். "வச்ச மூளை ஒத்துக்கலை சார். வேற தேடுறோம். அது வரைக்கும் மூளை இல்லாமதான் ஓட்டணும்."

புதன்கிழமை காலை மாப்பிள்ளையின் அத்தை எல்லம்மா ஒரு டஜன் சாத்துக்குடியுடன் வந்து இறங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த சம்பத்தின் எதிரே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கக் கேட்டாள்.

"அண்ணா, என்னை ஆருன்னு தெரியுதா?"

தெரிகிறது என்றார் சம்பத். அவள் பச்சையம்மாவின் பக்கம் திரும்பி, பரவாயில்லை, ஞாபகம் கீது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையில் தையல் போட்ட இடத்தைக் காட்ட முடியுமா என்றும் கேட்டாள்.

சம்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பதறியடித்து எழுந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மூளை போனது வண்டிக்கு."

"வண்டிக்கு" என்றாள் எல்லம்மா.

"ஆமா. சீட்டுக்கு அடியில இருக்கும்."

எல்லம்மா அவர் கையைப் பிடித்து மெதுவாக மறுபடி உட்கார வைத்தாள். அது தொண்ணூற்றாறாம் வருஷம். வண்டிக்கு மூளை உண்டு என்று தாம்பரத்துக்குத் தெற்கே பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அவள் போன பிறகு பச்சையம்மா அழுதாள். பைத்தியக்காரன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்றாள். சொன்னால்தானே நம்பமாட்டார்கள், காட்டினால் நம்புவார்கள் என்று சம்பத் முடிவு செய்தார். கருகிய பெட்டியைத் தூசி படாமல் துண்டில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்து, வியாழக்கிழமை பஸ் ஏறிப் பொத்தேரிக்குப் போனார்.

தசரதன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். சம்பத் துண்டைப் பிரித்தார்.

"இதாங்க என் மூளை" என்றார். பதற்றத்தில் 'வண்டி' என்ற சொல் மறுபடியும் விட்டுப்போனது.

யாரும் சிரிக்கவில்லை. "பத்திரமா வச்சுக்குங்க சம்பந்தி, பஸ்ஸுல எங்கியாவது விட்டுடாதீங்க" என்றார் தசரதன் மிகுந்த கனிவோடு. மாப்பிள்ளை ரங்கன் மட்டும் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, காதருகே வைத்து, வெகுநேரம் உன்னிப்பாகக் கேட்டான். இந்த வீட்டில் மெஷின் தெரிந்தவன் இவன் ஒருவன்தான் என்று சம்பத்துக்கு ஆறுதலாக இருந்தது. நாளைக்குக் கட்டாயம் வருகிறோம், நீங்கள் எதற்கும் கவலைப்படக் கூடாது என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரை துணைக்கு ஆளும் அனுப்பினார்கள்.

இதைக் கேட்டதும் பச்சையம்மா பொத்தேரி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "அப்பனுக்கு மூளை இல்லன்னு நம்பிகினே பொண்ணு எடுக்கிறாங்கன்னா, அவங்க மனுசங்களே இல்லீங்க. தெய்வம்."

அன்று சாயந்திரமே கங்காதரன் கடைசி எழுத்து வரை ஒத்துப்போகிற பெட்டியோடு வந்தான். மாட்டியதும் வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. கால் மணி நேரம் விடாமல் ஓடவிட்டு, அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்ற சம்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை அவரே ஓட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவர் நிதானமாக வண்டி ஓட்டுவதையும், சிக்னலுக்கு நிற்பதையும், ஒழுங்காகத் திரும்புவதையும் எல்லம்மா பக்கத்து சீட்டிலிருந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "மூளை மாத்தியாச்சு, இனிமே பேஜார் இல்ல" என்றார் சம்பத் பெருமையோடு. அவளும் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினாள்.

தட்டு மாற்றினார்கள். திரிபுரசுந்தரி புதுப்புடவையில் சிரித்தாள். பச்சையம்மா பந்தியில் யாரையும் எழவிடாமல் பரிமாறினாள். மூன்றாவது இடம் நழுவவில்லை. வண்டியில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த சம்பத்துக்கு, இப்படிப்பட்ட சம்பந்தம் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்றிருந்தது.

எல்லம்மா தனியாக அவரிடம் வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, மாத்துனப்புறம் எவ்ளோ தெளிவா கீறீங்க. அந்த டாக்டரு அட்ரஸ் மட்டும் குடுங்கண்ணா, கல்யாணத்துக்குள்ள எங்க ரங்கனுக்கும் மாத்திடுறோம்."