தொரை கேட்டால் எந்தக் கோப்புக்கும் பூட்டில்லை

என் அப்பாவின் எட்டு மாத உழைப்பை நான் ஒரே நொடியில் அழித்திருக்கிறேன். ஒரு நொடி என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மெதுவானது, மூன்று நொடி எடுத்துக்கொண்டது.

தொண்ணூறுகளின் கடைசி. சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த எனக்கு, ஏற்காட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காப்பி எஸ்டேட் ஆபீசிலேயே ஒரு நாற்காலி கிடைத்தது. கூடவே திமிரும் வந்தது (அதற்கு யாரும் விண்ணப்பம் போடவில்லை).

எஸ்டேட் குடியிருப்பில் பிறந்த பிள்ளைகளின் பெயரையும் தேதியையும் பழைய நோட்டுகளைப் பார்த்து அப்பா கம்ப்யூட்டரில் ஏற்றினார், ஒற்றை விரலால். பள்ளியில் சேர்க்க, அதைப் பார்த்து ஆபீசில் எழுதித் தரும் தேதிச் சீட்டுதான் ஆதாரம். முடித்ததும், “கண்ணு, இதை யாரும் அழிக்காத மாதிரி பூட்டிரு” என்றார். படிக்கலாம், எழுத முடியாது என்று பூட்டினேன். “இனி எதுக்குங்கப்பா இந்தக் கரையான் நோட்டு?” என்றும் நானேதான் சொன்னேன். நோட்டுகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின.

அடுத்து என் சாகசம். மாதம் பிறந்தால், ஆட்கள் வேலைக்கு வந்ததைக் குறிக்கும் ஆஜர் கோப்புகளைக் காலி செய்ய பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அது ஒவ்வொரு கோப்பாகப் போய், இதில் எழுதலாமா என்று கேட்கும். எழுதலாம் என்றால் துடைக்கும், பூட்டியிருந்தால் தாண்டிவிடும். பிறப்புக் கோப்பும் அதே இடத்தில்தான் கிடந்தது. (தனியாக எடுத்து வைப்பது பயந்தவர்கள் வேலை என்று நினைத்த வயது.) என் பெயரில் நுழைந்து, அழிக்காமல் பட்டியல் மட்டும் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பிறப்புக் கோப்பைச் சமர்த்தாகத் தாண்டியது. அன்றைக்கு என் நடையே மாறிவிட்டது.

மறுநாள் மேனேஜர் வேடிக்கை பார்க்க வந்தார். எஸ்டேட்டில் எல்லாருக்கும் அவர் தொரை. அவர் முன்னால் சாதாரணப் பெயரில் நுழைந்தால் என்ன மரியாதை? ரூட் என்று ஒரு பெயர் உண்டு, அந்தப் பெட்டிக்கே முதலாளி. அதில் நுழைந்து நிரலை நிஜமாகவே ஓட்டினேன்.

திரையில் ‘காலி’, ‘காலி’ என்று வரிசையாக வந்தது. நடுவில் பிறப்புக் கோப்பின் பெயர். அதன் பக்கத்திலும் ‘காலி’.

கோப்பைத் திறந்தேன். ஓர் எழுத்து இல்லை. மூடித் திறந்தேன், அப்போதும் இல்லை.

“பரவாயில்லையே, நொம்ப வேகமா ஆவுது” என்று பாராட்டிவிட்டு தொரை ஜீப் ஏறினார்.

ஃபிளாப்பியில் நகல் இல்லையா என்பீர்கள். இருந்தது. ஏற்காட்டு ஈரத்தில் பூஞ்சை பூத்திருந்தது.

“அப்பா, அந்தப் பழைய நோட்டு ஏதாச்சும் மிச்சம் இருக்குங்களா?”

“போன ஞாயித்துக்கெழமை நீ தலைக்கு ஊத்துனியே சாமி, அதுதான் கடைசி நோட்டு.”

நடந்ததைச் சொன்னேன். அப்பா தன் ஒற்றை விரலைப் பார்த்தார். பிறகு, “திங்கக்கெழமை பதினோரு புள்ளைங்களுக்குச் சீட்டு வேணும். பூட்டித்தானே வெச்சிருந்தே?” என்றார்.

“ரூட்டுக்குப் பூட்டே கெடையாதுங்கப்பா. எழுதலாமான்னு அது கேட்டா, எழுதலாம்னுதான் பதில் வரும்.”

“நம்ம கேட் வாட்ச்மேன் மாதிரி. நான் போனா எங்க போறீங்கம்பான். தொரை ஜீப்பைக் கண்டா தொறந்துட்டு சலாம் வெப்பான். இதைத் தெரிஞ்சுக்க ஆறு மாசம் சேலத்துக்குப் பஸ் ஏறுனியா?”

இரண்டு நாள் குடியிருப்பில் ஊடு ஊடாகப் போய்க் கதவைத் தட்டினோம். அப்பா கேட்டார், நான் எழுதினேன்.

“சேர்வராயன் கோயில் திருவிழா அன்னைக்குத்தானுங்க வலி வந்துச்சு” என்றார் ஒரு அம்மா. பக்கத்து ஊட்டிலும் திருவிழா அன்றைக்குத்தான். மூன்றாவது ஊட்டில், “அன்னைக்கு நொம்ப மழைங்க” என்றார்கள். (ஏற்காட்டில் இதை வைத்து நாள் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.) கடைசி ஊட்டில், “ஏனுங் ரைட்டரே, எல்லாந்தான் உங்க நோட்டுல இருக்குமே?” என்று மடக்கினார்கள்.

“எனக்கு வயசாயிருச்சுங்க, எங்கியோ தொலைச்சுட்டேன்” என்றார் அப்பா. நாற்பது வருஷமாக ஒரு துண்டுச் சீட்டைத் தொலைக்காத மனுஷன். என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. காப்பிச் செடிப் பக்கமாகத் திரும்பி நின்று அழுதேன்.

பதினோரு பேரும் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஆறு பேருக்கு இன்றைக்கும் திருவிழாவன்றுதான் பிறந்தநாள்.

அப்பா அதற்காக ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால், குளிக்க நேரமாகிறதே என்று நான் குளியலறைக் கதவைத் தட்டினால் மட்டும் உள்ளேயிருந்து சாவகாசமாகக் குரல் வரும்.

“யாருங்க அது? எம் பொண்ணுன்னா செத்த நேரம் பொறு சாமி. ரூட்டுன்னா சொல்லீருங்க, துண்டைக் கட்டிக்கறேன்.”